அப்பா, அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றால்: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு முதல் ஒரு மாத வழிகாட்டி

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற ஆரம்பிக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே அட்மிட் ஆவது, எங்கே ரூம் எடுப்பது, எப்போது ஊருக்குத் திரும்புவது, யார் கூட இருப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த இரண்டு எண்ணுக்குள்தான் இருக்கிறது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, சாயல்குடி என்று எந்த ஊராக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

டெங்கு என்று ஒரு வாரத்தைக் கழித்துவிடாதீர்கள்

மழைக்காலத்தில் காய்ச்சலோடு தட்டணு, அதாவது பிளேட்லெட் குறைந்திருந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டெங்குதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டெங்குவில் தட்டணு ஒரு வாரம், பத்து நாளில் தானே ஏறிவிடும். ஏறாமல், கூடவே ஹீமோகுளோபினும் 6, 7 என்று இறங்கினால், பல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால், இடிபடாத இடத்தில் கன்றிய நீலம் தெரிந்தால், வெள்ளை அணு 50,000, 80,000 என்று எகிறினால் அது வேறு விஷயம். வெள்ளை அணு கூடித்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிலருக்கு 2,000-க்குக் கீழேயும் இருக்கும்.

அந்த நேரத்தில் கேட்க வேண்டிய பரிசோதனை ‘பெரிஃபெரல் ஸ்மியர்’. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் தன் கண்ணால் பார்ப்பது. மெஷின் அச்சடித்துத் தரும் எண் மட்டும் போதாது. ஸ்மியர் அறிக்கையில் ‘பிளாஸ்ட்’ (முதிராத ரத்த அணு) என்ற சொல் இருந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். நாளை நல்ல நாளா, அஷ்டமியா என்று பார்க்க நேரமில்லை.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. தட்டணு குறைவு என்றதும் பக்கத்து கிளினிக்கில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கொடுத்துவிடுகிறார்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஸ்டீராய்டே மருந்து. அரைகுறையாக உள்ளே போனால் அணுக்கள் தற்காலிகமாகக் கலைந்து, பிறகு எடுக்கும் மஜ்ஜைப் பரிசோதனை குழம்பிப்போகும். அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் மருந்தின் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள். அடுத்தது பப்பாளி இலைச் சாறு. இந்த நோயில் தட்டணு குறைவதற்குக் காரணம், அது உற்பத்தியாகும் மஜ்ஜையைக் கெட்ட அணுக்கள் அடைத்துக்கொண்டிருப்பது. சாறு அந்த அடைப்பை எடுக்காது, போவது நாள்தான். இடுப்பில், தோளில் ஊசி போடவும் விடாதீர்கள். தட்டணு இல்லாத உடம்பில் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

கிளம்பும் முன்

தட்டணு 10,000-க்குக் கீழே இருப்பவரை ராத்திரி ரயிலில் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போவது ஆபத்து. மூக்கிலோ மூளையிலோ ரத்தம் கசிந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றி, பரிந்துரைக் கடிதத்தோடு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ நீங்கள் தேர்ந்தெடுத்த வேறு மருத்துவமனைக்கோ போங்கள். மூச்சு வாங்கினாலும், பேச்சு குழறினாலும், பார்வை மங்கினாலும் 108-ஐ அழையுங்கள். வெள்ளை அணு 1 லட்சத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி நுரையீரலிலும் மூளையிலும் தேங்கும். இவை அதன் அடையாளங்கள்.

பலருக்கு மனதில் இருப்பது வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் மையம், புதுச்சேரி ஜிப்மர். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் தீவிர வகை நோயில், தூரத்து நல்ல மருத்துவமனையில் பத்து நாள் கழித்துக் கிடைக்கும் படுக்கையைவிட, ரத்தப் புற்றுநோயைத் தொடர்ந்து பார்க்கும் பக்கத்து மருத்துவமனையில் இன்று கிடைக்கும் படுக்கை மேலானது. அங்கே கேட்க வேண்டியவை மூன்றே: ரத்தவியல் அல்லது புற்றுநோய் மருந்தியல் மருத்துவர் இருக்கிறாரா, 24 மணி நேர ரத்த வங்கி இருக்கிறதா, மெஷினில் தட்டணு பிரித்தெடுக்கும் வசதி உண்டா.

பையில் இருக்க வேண்டியவை: எல்லா ரத்தச் சீட்டுகளும் தேதி வாரியாக, ஸ்மியர் கண்ணாடித் துண்டுகள், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், மென்மையான பல் துலக்கி. சுகர், பிரஷர், இதய மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்; தட்டணு குறைந்த நேரத்தில் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். நிறுத்துவதா வேண்டாமா என்பது டாக்டர் முடிவு, தெரியப்படுத்துவது உங்கள் வேலை. மூட்டுவலிக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இனி வேண்டாம்.

மஜ்ஜைப் பரிசோதனையும் நோயின் வகையும்

இடுப்புக்குப் பின்பக்க எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மஜ்ஜையில் கொஞ்சம் திரவமும் ஒரு சிறு எலும்புத் துண்டும் எடுப்பார்கள். இருபது, முப்பது நிமிட வேலை. உறிஞ்சும்போது சில நொடி சுருக்கென்று இழுக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் குறையும். முதுகுத் தண்டைத் தொடுவதில்லை. எடுத்த பிறகு அந்த இடத்தை அழுத்தி மல்லாந்து படுத்திருக்க வேண்டும்.

எடுத்த மஜ்ஜை நான்கு பக்கம் பிரிந்து போகும்: நுண்ணோக்கி, ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணு எந்த வகை என்று பார்ப்பது), குரோமோசோம், மரபணு. குரோமோசோம் பரிசோதனைக்கு அணு உயிரோடு இருக்க வேண்டும். அது ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாய். ஃப்ளோவுக்கும் மரபணுவுக்கும் ஊதா மூடிக் குழாய். சில நேரம் மாதிரியை வெளி லேபில் கொடுக்க உங்களையே அனுப்புவார்கள். எந்தக் குழாய் எங்கே என்று எழுதி வாங்கி, அன்றைக்கே சேருங்கள். இரவு முழுக்கச் சட்டைப் பையில் கிடந்த மாதிரி வீணாகி, திரும்பவும் ஊசி குத்த வேண்டி வரும்.

"எந்த ஸ்டேஜ்?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தீவிர ரத்தப் புற்றுநோயில் கட்டிகளுக்குச் சொல்வது போல ஒன்று, இரண்டு என்று ஸ்டேஜ் கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியது வகையும் மரபணு முடிவும்தான்.

மெதுவான வகைகளில் சி.எம்.எல். வந்தவர்களுக்கு இமாடினிப் மாத்திரை. வழக்கமான அளவு தினம் 400 மி.கி., சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். ஊரில் இருந்துகொண்டே பார்க்கலாம். உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினால் மட்டும் நோய் திரும்பும். வயதானவர்களுக்கு வரும் சி.எல்.எல்.லில் பலருக்கு மருந்தே இல்லாமல் கண்காணித்து வருவார்கள். அது அலட்சியம் அல்ல, முறை.

தீவிர வகை இரண்டு: ஏ.எம்.எல்., ஏ.எல்.எல். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் இவற்றுக்கே. ஏ.எம்.எல்.லுக்குள் ஏ.பி.எம்.எல். என்று ஒன்று உண்டு. முதல் சில நாட்களில் ரத்தக்கசிவுதான் அதன் ஆபத்து. ஆகவே சந்தேகம் வந்த உடனேயே, மரபணு முடிவுக்குக் காத்திராமல் ஆட்ரா கேப்சூலை ஆரம்பிப்பார்கள். அந்த நாட்களைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோர் ஆர்சனிக் மருந்தும் சேர்த்து முழுமையாகக் குணமாகிறார்கள். இந்தப் பெயர் காதில் விழுந்தால் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்காதீர்கள்.

காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993-ல் கேளுங்கள். சிக்கல் வருவது பெயரில்: கல்யாணமான மகனுக்குத் தனி குடும்ப அட்டை, அப்பா பெயர் அதில் இருக்காது. நோயாளியின் பெயர் எந்த அட்டையில் இருக்கிறதோ அதுதான் செல்லும். ஆதாரில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் இன்னொரு எழுத்து என்றாலும் நிற்கும். கீமோவின் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கும்; வார்டு காப்பீட்டு அலுவலரிடம் இரண்டு நாள் முன்பே நினைவூட்டுங்கள். வெளி லேப் மரபணுப் பரிசோதனை, ரூம் வாடகை, கூட இருப்பவர் சாப்பாட்டுக்குக் கையில் பணம் வேண்டும்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் படிவத்தோடு முன்பதிவு கவுன்டரில் எடுக்க வேண்டும்.

ரத்தம் கொடுக்க ஆட்கள்

பணத்துக்கு அடுத்தபடி குடும்பங்கள் தவித்துப்போவது இதில்தான். தீவிர நோயின் முதல் மாதத்தில் சிவப்பணுவும் தட்டணுவும் திரும்பத் திரும்பத் தேவைப்படும். தட்டணு 10,000-க்குக் கீழே போனால் ஏற்றுவார்கள். காய்ச்சல் இருந்தால் 20,000-லேயே.

தட்டணு இரண்டு வகையில் வரும். சாதாரண ரத்ததானத்திலிருந்து பிரிப்பது ஒன்று. ஒரே ஆளிடம் மெஷின் வழியாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் எடுத்து, மீதி ரத்தத்தை அவருக்கே திருப்பி ஏற்றுவது இன்னொன்று, எஸ்.டி.பி. என்பார்கள். ஒரு எஸ்.டி.பி. ஏறக்குறைய ஆறு சாதாரணப் பைகளுக்குச் சமம். எஸ்.டி.பி. கொடுப்பவர் 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், அவர் தட்டணு 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வராமல் சாப்பிட்டு வர வேண்டும். குடித்துவிட்டு வந்தாலும், சமீபத்தில் மலேரியா, டெங்கு வந்திருந்தாலும், பச்சை குத்தியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் மனுஷர் மதுரை வரை வந்து வீணாகத் திரும்புவார்.

தட்டணுவின் ஆயுள் 5 நாள்தான், சேர்த்து வைக்க முடியாது. அதனால் பத்துப் பன்னிரண்டு பேர் பட்டியல் வேண்டும்: பெயர், ரத்த வகை, எடை, எந்த நாள் கரையில் இருப்பார். விசைப்படகில் போகிறவர்களை நம்பி ஒரே நாளை வைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்கும், வீட்டில் காசு இருக்காது. மற்ற மாதங்களில் காசு வரும், ஆள் கடலில் இருப்பார். தடைக்காலத்துக்கும் சேர்த்து முன்பே திட்டமிடுங்கள். கொடுத்த ரத்தத்தில் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. பரிசோதனை முடியச் சில மணி நேரம் பிடிக்கும். நாளைக்கு வேண்டும் என்றால் ஆள் இன்றே வந்தாக வேண்டும்.

கூடப் பிறந்தவர்களும் பெற்ற பிள்ளைகளும் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். பின்னால் மஜ்ஜை மாற்றம் தேவைப்பட்டால் அவர்கள்தான் கொடையாளியாகக் கூடும். அவர்கள் ரத்தத்தை இப்போதே ஏற்றினால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும். உறவினர் ரத்தப் பையைக் கதிர்வீச்சில் வைக்காமல் ஏற்றினால் வேறு அபாயமும் உண்டு. அக்கம்பக்கத்தாரும் நண்பர்களும் கொடுப்பது நல்லது.

வேறு ரத்த வங்கியிலிருந்து பையை நீங்களே தூக்கி வர நேர்ந்தால்: சிவப்பணு ஐஸ் பெட்டியில், ஐஸ் நேராகப் படாமல். தட்டணுவை ஐஸில் வைக்கவே கூடாது. அது 20 முதல் 24 டிகிரியில் இருக்க வேண்டியது. மீன் பெட்டிப் பழக்கத்தில் ஐஸ் போட்டுவிட்டால் அந்தப் பை பிரயோஜனப்படாது.

வார்டில் முதல் நாட்கள்

உடனே கீமோ போடவில்லையே என்று பதறாதீர்கள். முதலில் சலைன், அலோபுரினால் மாத்திரை, இதய எக்கோ, காமாலைப் பரிசோதனை எல்லாம் நடக்கும். கெட்ட அணுக்கள் மொத்தமாக உடையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறி சிறுநீரகத்தை அடைக்கும், அதைத் தடுக்கத்தான் இந்தத் தண்ணீர். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது என்று அளந்து எழுதச் சொல்வார்கள். கூட இருப்பவர் செய்யும் வேலைகளில் இதுதான் முக்கியமானது, குத்துமதிப்பாக எழுதாதீர்கள்.

ஏ.எம்.எல்.லுக்கு வழக்கமான முதல் சுற்று, சைட்டராபின் 7 நாள், டானோரூபிசின் 3 நாள். டானோரூபிசின் சிவப்பு மருந்து, அதனால் சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம். வயதும் இதயமும் இடம் தராவிட்டால் அசாசிட்டிடினும் வெனிடோகிளாக்ஸும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏ.எல்.எல்.லில் ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், முதுகுத் தண்டு ஊசி என்று பல மருந்து, மொத்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நீளும். ஸ்டீராய்டில் சுகர் ஏறும், சுகர் இல்லாதவர்களுக்கும் இன்சுலின் வேண்டி வரலாம். வின்கிரிஸ்டின் மலச்சிக்கல் தரும். இரண்டு நாள் போகவில்லை என்றாலே சொல்லுங்கள், எனிமா மட்டும் வேண்டாம்.

மருந்து ஏறும்போது ஊசி இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். "சிஸ்டர் பாவம், எத்தனை பேரைப் பார்ப்பாங்க" என்று அம்மாக்கள் பொறுத்துக்கொள்வார்கள். அங்கே பொறுமை கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை சிறுநீர், வாந்தியைக் கையுறை போட்டே கையாளுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டியவை: தேதி, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு, ஏ.என்.சி., காய்ச்சல், ஏற்றிய பைகள். ஏ.என்.சி. என்பது கிருமியோடு சண்டையிடும் அணுவின் எண்ணிக்கை. வெள்ளை அணு 1,200, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் ஏ.என்.சி. 240. 500-க்குக் கீழே போனால் அபாயக் காலம். கீமோ தொடங்கிய இரண்டாவது வாரத்தில் இறங்கும், ஏற மூன்று நான்கு வாரம் ஆகும். வாய்ப்புண்ணும் அப்போதுதான் வரும். ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, நாளுக்கு ஐந்தாறு முறை கொப்பளிக்க வேண்டும்.

சாப்பாடு, சாமி, சொந்தம்

"இந்த நோய்க்கு மீன் ஆகாது" என்று பத்தியம் சொல்லிக் கஞ்சியிலேயே போடுபவர்கள் உண்டு. உடம்பு தேறப் புரதம் வேண்டும். அன்று பிடித்து அன்று நன்றாக வேகவைத்த மீன் குழம்பு, முட்டை, பருப்பு எல்லாம் தாராளம். வேண்டாதவை: மணலில் காய்ந்த கருவாடு, அரைவேக்காட்டு நண்டு, சிப்பி, பதநீர், தெருவில் வெட்டிய பழம், வேகவைக்காத காய்கறி. வாழைப்பழம், ஆரஞ்சு போலத் தோலுரிப்பதைக் கழுவி உரித்துக் கொடுக்கலாம். கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

ராமேஸ்வரத்து 22 தீர்த்தமும், ஏர்வாடி தர்ஹாவில் ஓதிய தண்ணீரும், ஓரியூர் மண்ணும் அன்போடு வரும். வாங்கித் தலைமாட்டில் வையுங்கள், நேர்ச்சையை நேர்ந்துகொள்ளுங்கள். வாயில் ஊற்றுவதும் தலையில் தெளிப்பதும் ஏ.என்.சி. ஏறும் வரை வேண்டாம். அம்மாவுக்கு மல்லிகைப் பூவும் அதுவரை வேண்டாம். பார்க்க வருபவர்களைப் போனில் பேசச் சொல்லுங்கள். சளி இருப்பவர் சொந்தத் தம்பியானாலும் உள்ளே விடக் கூடாது.

நோயின் பெயரை மறைத்து வைப்பது நம்மிடம் வழக்கம். ஆனால் வார்டு வாசல் பலகையை அவரே படிப்பார், பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார். ஊராரிடம் கேட்பதைவிட உங்களிடம் கேட்பது நல்லது. "அப்பா, ரத்தம் ஊறுற எடத்துல கோளாறு. அதான் இந்தச் சோர்வும் ரத்தக்கசிவும். மருந்து இருக்கு. ஒரு மாசம் இங்க இருக்கணும், நான் கூடவே இருக்கேன்." அத்தா என்றாலும் வாப்பா என்றாலும் முதல் நாளுக்கு இவ்வளவு போதும். அவர் கேட்கும் அடுத்த கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள்.

காய்ச்சலும் ஊர் திரும்புதலும்

வார்டிலிருந்து அனுப்பினாலும் ஏ.என்.சி. ஏறும் வரை மருத்துவமனைக்கு அரை மணி தூரத்துக்குள் ரூம் எடுத்துத் தங்குங்கள். வாடகை பார்த்து ஊருக்கு வந்து, ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்றால் மதுரை போய்ச் சேர விடிந்துவிடும். கிருமி ரத்தத்தில் பரவ அது போதும். காலை, மாலை இரண்டு வேளையும், நடுக்கம் வந்தால் உடனேயும் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 தொட்டால் கிளம்ப வேண்டியதுதான். பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருந்தால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவில் "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.

ஊருக்குப் போக டாக்டர் அனுமதித்த பிறகும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், கடைசி கீமோ தேதி, காய்ச்சல் வந்தால் உடனே போட வேண்டிய ஆன்டிபயாடிக்கின் பெயரும் அளவும், வார்டு தொலைபேசி எண். காய்ச்சல் வந்தால் முதல் டோஸை ராமநாதபுரத்தில் போட்டுக்கொண்டு பிறகு மதுரைக்குப் பயணம். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால், காற்று ஏறும் முன்பே தீவிலிருந்து நோயாளியைக் கரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள்.

வீட்டில் அவர் மீன் வெட்டக் கூடாது, வலையில் கை வைக்கக் கூடாது, பாசி எடுக்கக் கடலில் இறங்கக் கூடாது, மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கெளுத்தி முள் குத்திய சின்னப் புண்ணில் கடல் கிருமி ஏறினால் ஒரே நாளில் கால் வீங்கிவிடும். அடுத்த மஜ்ஜைப் பரிசோதனை பெரும்பாலும் நான்காவது வாரம்; அதன் முடிவைப் பார்த்துத்தான் இரண்டாவது சுற்று. கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் "சரியாயிடுச்சு, படகுக்குப் போறேன்" என்பார். அந்தப் பரிசோதனைத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் அவர் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே ஆணியில் மாட்டிவையுங்கள்.